நான் துடைத்தெடுத்த தாளம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை மஞ்சுவின் காரோடு போய்விட்டது. நனைந்தபடியே ஸ்டூடியோ.

பெங்களூர் ஆடுகோடியில் இன்னும் மூன்று வாரம்தான். பிறகு சந்தாபுரா. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று மஞ்சு முடிவெடுத்துவிட்டான். ஸ்டூடியோ அவனுடையது, காது மட்டும் என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக இதே ஏற்பாடு. பாடுகிறவர் சுருதி வழுக்கினால் தூக்கி நிறுத்துவேன். அடிக்கிறவர் பிந்தினால் இழுத்துப் பிடிப்பேன். இருமல், வளையல், ஃபேன் சத்தம் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுப்பேன். கௌரவமான பெயர் சவுண்ட் இன்ஜினியர். செய்வது பாத்திரம் தேய்க்கிற வேலை.

இன்றைக்குப் பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டி.
– நான்கு திறக்கவே இல்லை. கரகரக்கிறது, அவ்வளவுதான்.
– பல்பொடி விளம்பரம், பதினேழு தடவை எடுத்தது. ஏன் பதினேழு?
– கல்யாண வீடியோப் பாட்டுகள். எண்ணவில்லை.
– என் சொந்த மெட்டுகள் என்று ஒன்று. கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் கெடுத்துக்கொள்வானேன்.

மஞ்சு எட்டிப் பார்த்தான். "எல்லாம் பேடா குரு, எதுவும் வேணாம். எரேஸ் பண்ணிடு. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

நாலு மணிக்கு ஒருவர் கேட்டார். தெரியாத நம்பர்.

"ஸ்டூடியோ தம்பியா? ஆனேக்கல்லருந்து ஜெயம்மா பேசறேன். உடுக்கை முனிராஜு வூட்டுக்காரி."

உடனே ஞாபகம் வந்தது. நல்லவிதமாக அல்ல. பதினாறு வருடத்துக்கு முன்னால் அடுத்த தெரு அம்மன் கோயில் கமிட்டி ஒரு சி.டி. போட ஆசைப்பட்டது. ஜெயம்மா பாட்டு, முனிராஜு உடுக்கை. ஆடி வெள்ளி தவறாமல் ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து அந்தக் கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர்கள். எட்டுப் பாட்டு, இரண்டு நாள் ரெக்கார்டிங். அந்த அம்மாவுக்குச் சுருதி நிற்கவில்லை, அவருக்குத் தாளம் நிற்கவில்லை என்று அன்றைக்கு எழுதியே வைத்தேன்.

போன ஆடியில் முனிராஜு போய்விட்டாராம். இந்த ஆடியோடு வருஷம் திரும்புகிறது. அவர் அடித்தது ஒன்று வேண்டும், வீட்டில் போட்டுக் கேட்க. சி.டி.தான் இருக்கிறதே என்றேன்.

"அதுல இருக்கறது அவரு இல்ல தம்பி. அன்னிக்கே சொன்னேன்ல."

சொன்னார்தான். "அவருதாம்மா, கொஞ்சம் சுத்தம் பண்ணிருக்கேன்" என்று நானும் அன்றைக்குச் சொன்னேன். பொய். அது மெஷினில் இருந்த உடுக்கை. எங்கோ யாரோ அடித்த நாலு தட்டை வெட்டி, எட்டுப் பாட்டுக்கும் அடுக்கினேன்.

தேடிப் பார்க்கிறேன் என்று போனை வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்து ஓடிவிட்டது. இடது காதில் அந்த ஙொய் சத்தம் மறுபடி. ஈ.என்.டி. டாக்டரைப் பார்க்க வேண்டும், மூன்று மாதமாகப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாவது டிஸ்க்கில் கிடைத்தது. ஃபோல்டரின் பெயர் 'உடுக்கை காமெடி'. வைத்தவன் நான்.

உள்ளே உடுக்கை இல்லை. மெஷின் உடுக்கையைப் போட்ட பிறகு முனிராஜு (இனி மு.) அடித்ததை இடம் போதாமல் அழித்திருக்கிறேன். அந்த இடத்தில் என்ன வைத்தேன்? பல்பொடியாகத்தான் இருக்கும். ஜெயம்மா (இனி ஜெ.) பாடினது மட்டும், சுருதி திருத்துவதற்கு முந்தியது, எட்டும் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. அவர் கேட்டது தன் குரலை அல்ல.

ராத்திரி சாப்பிடும்போது சுதாவிடம் சொன்னேன். என் மனைவிக்கு ஞாபகசக்தி அதிகம். "யாரு, நீங்க விருந்தாளி வந்தா கழுத்தச் சாய்ச்சு ஆடிக் காட்டுவீங்களே, அவரா?"

ஆமாம், அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு, உடுக்கையைக் காதோரம் தூக்கி, அடிப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பது மாதிரி நிற்பார். அதை நடித்துக் காட்டி எத்தனை வீட்டில் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

நேற்று எழுதவில்லை. ஒரு குழந்தைகள் பாட்டுத் தொகுப்பு, பன்னிரண்டு குழந்தை, பன்னிரண்டும் மூக்கால்.

இன்றைக்கு ஜெ.வின் குரலைப் போட்டேன். சும்மாதான்.

முதல் தடவை: சுருதி இல்லை. என் தீர்ப்பு சரியே. மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

இரண்டாம் தடவை: பின்னால் 'டொக்'. அதுவும் ஞாபகம் வந்தது. ஹெட்ஃபோன் போட்டால் ஜெ.வுக்குப் பாட வரவில்லை. மு. பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடம். உடுக்கை இல்லாமல் சும்மா உட்காரச் சொன்னேன், பிளாஸ்டிக் நாற்காலியில். அந்த மனிதரோ நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே இருந்தார். விரலில் செம்பு மோதிரம். கழற்றுங்கள் என்றேன், கழலவில்லை. சோப்புப் போட்டும் பார்த்தோம். சரி, பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். துடைத்தேன். ஒன்றரை நாள் வேலை, ஒவ்வொரு டொக்காக. யாருக்கும் தெரியாதபடி எடுத்துவிட்டேன் என்று மஞ்சுவிடம் பெருமை வேறு.

மூன்றாம் தடவை கரண்ட் போயிற்று. யூ.பி.எஸ்.ஸில் ஸ்பீக்கர் ஓடுகிறது, ஸ்கிரீன் இல்லை. குரல் எந்தச் சுருதிக் கோட்டுக்கு மேலே, எதற்குக் கீழே என்று காட்ட ஆள் இல்லை. கேட்க மட்டும்தான் முடிந்தது.

கரண்ட் வந்த பிறகும் ஸ்கிரீனைப் போடவில்லை. எட்டுப் பாட்டும் கேட்டேன். டீ ஆறிப் போயிற்று.

ஜூலை 11, வெள்ளி

மழை. லாரி ஏதோ ரிப்பேராம், ஓசூர் ரோடு முழுக்க ஹாரன்.

அளந்து பார்த்தேன். நான் அளக்காமல் எதையும் நம்பாத ஜாதி.

மு.வின் நாலாவது தட்டு பிந்துகிறது. பாட்டின் எல்லா அடியிலும் நாலாவது மட்டும். எல்லா அடியிலும் ஒரே அளவு. தாளம் தெரியாதவன் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி பிந்துவான். இவர் எட்டுப் பாட்டிலும் மயிரிழை மாறாமல் பிந்துகிறார். ஜெ.வின் குரல் அதே இடத்தில் கீழே இறங்கி நிற்கிறது. அந்தத் தட்டுக்காகக் காத்திருக்கிறது. தட்டு விழுந்ததும் ஏறிக்கொள்கிறது. உடுக்கையின் இடுப்பைப் பிடித்து அழுத்தினால் ஓசை எப்படி வளையுமோ அப்படி வளைந்து ஏறுகிறது. அவர் கீபோர்டு சுருதிக்குப் பாடவில்லை, புருஷனின் கைக்குப் பாடியிருக்கிறார்.

நான் செய்தது: குரலைத் தூக்கிக் கீபோர்டு சுருதியில் நட்டேன். தட்டை இழுத்து மெஷினின் தாளக் கட்டத்துக்குள் போட்டேன், பிறகு தட்டையே எடுத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேரை ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு, படம் நேராக வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எனக்குக் காது.

ஜூலை 13, ஞாயிறு

சுதா அவரைக்காய் உரிக்கச் சொன்னாள். உரித்துக்கொண்டே கணக்கெடுத்தேன், இன்னும் யார் யாரை இப்படி.
– கிளாரினெட் வாசித்த பெரியவர். 'காற்று அதிகம்' என்று எழுதினேன்.
– கோரஸில் மூன்றாவதாக நின்ற பெண். குரல் தடிப்பு என்று பின்னால் தள்ளினேன். பெயர் ஞாபகமில்லை.
– சர்ச் பையன்கள் பேண்டில் பேஸ் கிடார். வால்யூமைக் குறைத்துவிட்டு, குறைக்கவில்லை என்றேன்.
– மு., ஜெ.

இவர்களில் யாராவது நன்றாக வாசிக்காமலும் இருந்திருக்கலாம். இனி எப்படித் தெரியும். கேட்டால்தானே.

சாயங்காலம் ஜெ.வின் பாட்டைப் புது மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். குரலைத் தனியாக, வாத்தியத்தைத் தனியாகப் பிரித்துத் தரும் என்கிறார்கள். பிரித்தது. குரல் ஒரு பக்கம். வாத்தியம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. மு.வின் தட்டு மூன்றாவதாக ஒரு பெட்டியில், குரலின் துணுக்குகளோடு சிதைந்து கிடந்தது, பெட்டியின் பெயர் இரைச்சல். பதினாறு வருடத்தில் மெஷின் என் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

ஜெ.விடம் பேசினேன். வியாழக்கிழமை வரச் சொன்னேன். கிடைத்தது என்றோ கிடைக்கவில்லை என்றோ சொல்லவில்லை. நேரில் சொல்கிறேன் என்று மழுப்பினேன். கோழை.

அவராகவே பேசிக்கொண்டிருந்தார். சி.டி. வந்த வருடம் கோயிலில் கூப்பிட்டார்கள். கேட்டவர்கள், சி.டி.யில் நன்றாக இருக்கிறது, நேரில் சுமார்தான் என்றார்களாம். அடுத்த வருடம் கடைசி வெள்ளிக்கு மட்டும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருடம் அதுவும் இல்லை. சி.டி.தான் இருக்கிறதே, ஸ்பீக்கரில் போட்டால் ஆயிற்று. மற்ற கோயில்களும் அதையே காப்பி அடித்துக்கொண்டன. மு. சந்தாபுரா பக்கம் ஒரு லேஅவுட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். உடுக்கையைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்கு மேலே வைத்தவர் பிறகு எடுக்கவில்லை.

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பஸ் ரூட் மாறின கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் ம், ம் என்றேன்.

சி.டி. அட்டையில் என் பெயர் அவர்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். இப்போதுதான் கவனித்தேன் என்று எழுத வந்தேன். இல்லை, அன்றைக்கே கவனித்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று. மஞ்சு பாதி சாமானைச் சந்தாபுராவுக்கு அனுப்பிவிட்டான், அறையில் எதிரொலி.

பதினொன்றுக்கு வந்தார். நினைத்ததைவிடச் சிறிய உருவம். மடியில் மஞ்சள் பை. குரல் உடைந்திருக்கிறது. பாடுவதில்லையாம்.

போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். உடுக்கை இல்லை, நான்தான் அழித்தேன். சி.டி.யில் இருப்பது மெஷின். நீங்கள் அன்றைக்குச் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியும் தம்பி. அவருக்கும் தெரியும்."

பாட்டைப் போட்டேன். ஹெட்ஃபோன் வேண்டாம் என்றார், அன்றைக்குப் போலவே. இரண்டாவது அடியில் தலையை நிமிர்த்தினார். தன் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டார். எட்டுப் பாட்டும் அசையாமல் கேட்டார். தன் குரலை ஒரு இடத்திலும் அவர் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முடிந்ததும், என் குரலை எடுத்துவிட்டு அதை மட்டும் தர முடியுமா என்றார். முடியாதும்மா, இரண்டும் ஒரே மைக்கில் ஒன்றாகக் கிடக்கிறது, பிரித்தால் உடைந்துதான் வருகிறது என்றேன்.

எட்டுப் பாட்டையும் அப்படியே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

"இந்தத் தட்டு அன்னிக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அதனாலதான் எடுத்தேன்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. டீ வந்தது, குடிக்கவில்லை. பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒன்று கேட்டார், இந்த வருஷம் கோயிலில் அந்த சி.டி.யைப் போட வேண்டாம் என்று சொல்ல முடியுமா, இதைப் போடச் சொல்ல முடியுமா என்று. "நான் சொன்னா கேக்கமாட்டாங்க. நீ படிச்சவன், உன் பேச்சக் கேப்பாங்க."

சொல்கிறேன் என்றேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஆனேக்கல் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

ஜூலை 18, வெள்ளி

முதல் வெள்ளி. தூறல் இல்லை. தெரு முழுக்க வேப்பிலை, கூழ் வாசனை. ஆறு மணியிலிருந்தே ஸ்பீக்கர், நம் சி.டி. மெஷின் உடுக்கை சுவர்க் கடிகாரம் மாதிரி போய்க்கொண்டிருக்கிறது.

கமிட்டிச் செயலாளர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார், கூழ் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். முனிராஜு செத்தது அவருக்குத் தெரியாது, த்சொ த்சொ என்றார். நான் கொண்டுபோன இன்னொரு பென் டிரைவை வாங்கி, சி.டி.யை நிறுத்தி, அவரே போட்டார். ஜெ.வின் குரல் தெருவுக்குள் போயிற்று. பின்னால் மு.வின் மோதிரம். கூழ் வாங்க நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தட்டு. காத்திருந்தேன். நாலாவது.

ஒரு பாட்டுகூட முடியவில்லை. செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிறுத்தினார்.

"பாட்டு ஓகே சார். ஆனா பின்னாடி யாரோ டொக்கு டொக்குன்னு தட்டிட்டே இருக்காங்க பாருங்க. அத மட்டும் எடுத்துட்டுக் குடுங்க, அடுத்த வெள்ளிக்குப் போட்டுடலாம். உங்களுக்குத் தெரியாததா?"

வாயில் கூழ் இருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

சரி சார், எடுத்துடலாம் என்றேன்.