மடுவம் இருந்த இடம்

ஆவணி 12, சனிக்கிழமை. வட்டக்கச்சி.

மகள் தன்னோடு படிப்பிக்கும் ரீச்சர்மாருடன் மலைநாட்டுக்குச் சுற்றுலா போயிருக்கிறாள். மத்தியானம், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து அருவியடியிலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, அருவி பாக்கிற மேடையில நிக்கிறன். துரை ஒருத்தர் தேத்தண்ணி குடிச்சு ரசிக்கக் கட்டினதாம், பலகையில எழுதியிருக்கு. நீங்களும் இதில நிண்டுதானே பாத்தனீங்கள்?"

அது கொழுந்து நிறுக்கும் கொட்டகை, எங்கள் மடுவம். தரைக்குச் சிமெந்து போட்டவர் அப்பா. அம்மாவின் கூடையைப் பிடித்தபடி, அருவிக்கு முதுகு காட்டித்தான் நிற்பேன். தராசிலிருந்து கண்ணை எடுத்தால் கங்காணி ஒரு றாத்தல் குறைத்துவிடுவார்.

"நாங்க எங்க புள்ள பாத்தோம்? சத்தம் மட்டுந்தான் கேட்டோம். அத எடுத்து அனுப்பு."

பின்னேரம் வீடியோ வந்தது. அருவிக்கு மேல் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். பாட்டில்லாமல் அனுப்பச் சொன்னேன்.

"அத அழிச்சிட்டன் அம்மா. நாங்கள் அங்கயிருந்து வெளிக்கிட்டிட்டம்."

பாட்டு முடிந்தபின் ஒரேயொரு நொடி அருவி கேட்கிறது. அதையே திரும்பத் திரும்பப் போடுகிறேன். படுக்கச் சொல்லி இவர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.

போனை முதுகுக்குப் பின்னால் வைத்தால்தான் சரியாகக் கேட்கிறது.