பறவை என்றால் தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

போதுமான அளவு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது.

செல்போனில் எழுதினால் நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். பேசலாம் என்றால், அப்பாவின் கட்டில் கிடக்கும் கூடத்தைத் தவிர இந்த வீட்டில் வேறெங்கும் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அவருக்குப் போனது பேச்சும் ஒரு பக்கக் கைகாலும்தான். காது போகவில்லை, புத்தியும் போகவில்லை. அவரைப் பற்றி அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே உங்களோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தாளும் பேனாவும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவரிடம் கேட்டீர்கள்: "அப்பா, நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு பாத்திருக்கேன். தோட்டம் இருக்கு, டாக்டர் இருக்காரு. போறீங்களா?" அவர் தன் ஆங்கிலப் பழமொழிகளில் அந்த 'முடிவு' வாக்கியத்தைச் சொன்னார். நடுவில் பட்ட கஷ்டமெல்லாம் கடைசியில் மறந்துபோகும் என்று பொருள் வருமே, அது. உடனே நீங்கள், "பாத்தியா, ஒத்துக்கிட்டாரு!" என்று அண்ணியிடம் கூவியது இங்கே ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை அண்ணா. அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களில் சிலருக்கு, ஊறிப்போன சொற்கள் மட்டும் முழுசாகத் தங்கிவிடுமாம். ஒருவருக்குப் பாட்டு, ஒருவருக்கு வசவு. நம் அப்பாவுக்கு அவருடைய ஆங்கில வாக்கியங்கள். டைப்பிங் கிளாசில் அத்தனை மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே தொண்டை கிழியச் சொல்லிச் சொல்லி அடிக்கவைத்தாரே, அவை. அவற்றின் அர்த்தத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவரும் அவர்தான். இப்போது அந்த அர்த்தம் எதுவும் செல்லாது. புது அர்த்தங்களை நான் ஒருவன்தான் கற்றிருக்கிறேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

'முடிவு' என்றால் கெண்டைக்கால் இழுக்கிறது, அமுக்கிவிடு. சிந்திப்போன 'பால்' என்றால் கண் கூசுகிறது, திரையை இழு. 'தையல்' என்றால் பெட்பேன். காலாகாலத்தில் செய்யவேண்டும் என்று உலகத்துக்கே உபதேசிக்கிற வாக்கியம் அது. அப்பா அதை எப்போதும் காரியம் முடிந்த பிறகுதான் சொல்கிறார். சிரிக்கலாம், தப்பில்லை. நானும் சிரித்துக்கொண்டேதான் விரிப்பை மாற்றுகிறேன்.

'பறவை' என்றால் தண்ணீர். அதைத்தான் அதிகம் சொல்கிறார்.

ஆகவே அந்த இல்லத்துக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே போனால் இவர் 'பறவை' என்று கேட்டு நாக்கு வறண்டு கிடப்பார்; அவர்கள், "தாத்தா என்ன அழகா இங்கிலீஷ் பேசுறாரு" என்று ரசித்துக்கொண்டிருப்பார்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! உறையைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். பிரித்த பிறகுதான் திட்டுவதற்காக எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தது. பரவாயில்லை. திட்டுவதற்கு உனக்கு இருப்பது ஓர் அண்ணன்தானே.

நீ அவருக்குச் செய்வதை நான் குறைத்து நினைக்கவில்லை. உன் அண்ணி தினம் சொல்கிறாள், "உங்க தம்பி மாதிரி நம்ம பசங்க நம்மளப் பாப்பாங்களா?" என்று. ஆனால் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. 'பறவை' என்றால் தண்ணீர் என்று எழுதியிருக்கிறாயே, நம் இரண்டு பேருக்கும் அவர் வைத்த பெயர்கள் அவ்வளவு சுலபமாக மறந்துபோயினவா? முதலில் எழும் பறவைக்குத்தான் புழு; விடியுமுன் எழுந்து படித்ததால் நான் பறவை. உருளும் கல்லில் பாசி ஒட்டாது; ஓரிடத்தில் நிற்காததால் நீ அந்தக் கல். ஒவ்வொரு ஞாயிறும் என் குரலைக் கேட்டதும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் எது என்று யோசித்துப்பார். போனை வைத்த பிறகு நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன் தம்பி. இந்த வயதில், ஆபீசில் இத்தனை பேர் எனக்குக் கீழே வேலை பார்க்கும்போது, அப்பா கூப்பிடுகிறார் என்று ஒரு மனிதன் அழலாமா?

அப்பா உன்னோடு இருப்பதால் நீ கையெழுத்துப் போட்டால்தான் இல்லத்தில் சேர்ப்பார்களாம். சம்மதத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இடத்தை எத்தனை நாள் பிடித்துவைப்பார்கள் என்று தெரியாது. நீ தனி ஆள். உனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

உன் அண்ணன்


மார்ச் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

'நீ தனி ஆள்' என்பதை இந்த வீட்டில் எத்தனை விதமாகக் கேட்டுவிட்டேன்! அம்மா படுத்தபோது தனி ஆள். வீட்டுக் கூரை ஒழுகியபோது தனி ஆள். எனக்கு ஏன் கல்யாணம் நிலைக்கவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. நிலைக்காதது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

கல்லை நான் மறக்கவில்லை. நீங்கள்தான் பாதியை மறந்துவிட்டீர்கள். அந்த வாக்கியத்தை அப்பா கிளாசில் விளக்கிய அன்று நான் எழுந்து கேட்டேன்: "அப்பா, பாசி பிடிக்கறது நல்லதா, கெட்டதா? பாசி புடிச்ச கல்லுல கால வச்சா வழுக்கித்தானே விடும்?" மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு இடத்துல உக்காந்தாத்தான்டா மனுஷனுக்கு நாலு காசு, நாலு சொந்தம் ஒட்டும். அதான் பாசி. உனக்கு ஒண்ணும் ஒட்டாது, பாத்துக்கிட்டே இரு" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நீங்களும்.

கல்லூரியில் தற்காலிக ஆசிரியர், மருந்துக் கம்பெனி, பத்திரிகை, இப்போது வீட்டிலிருந்தே பதிப்பகத்துக்குப் பிழை திருத்தும் வேலை. அவர் சொன்னபடிதான் உருண்டேன். ஆனால் பறவை கடல் தாண்டிப் பறந்துபோயிற்று, அண்ணா. கல்தான் கட்டில் பக்கத்தில் கிடக்கிறது. போய் அவரிடம் இதற்கு அர்த்தம் கேளுங்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வருகிறாள். வெடுக்கென்று பேசுவாள், ஆனால் நல்ல பெண். உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்லி, "நீங்களே தீர்ப்பு சொல்லுங்கம்மா, பறவைன்னா தண்ணியா, எங்க அண்ணனா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல சார். வாய்க்கு அதுதான் வருது, அதனால அத சொல்றாரு. அந்த வாக்கியத்துல ஒண்ணும் இல்ல."

"அப்ப எப்படிம்மா நான் தண்ணி கொடுத்தா குடிக்கிறாரு?"

"நீங்க கொடுத்தா நானும் குடிப்பேன். வெயில்ல வந்திருக்கேன், இன்னும் ஒரு வாய் தரலை நீங்க."

கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "வார்த்தைய விட்டுருங்க. சொல்றப்ப கண்ணு எங்க போவுது, குரல் எப்படி இருக்கு, அத பாருங்க."

வேலை தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் இங்கே இருப்பவன் நான். அவர் கேட்கிறார், நான் கொடுக்கிறேன், அவர் குடிக்கிறார். இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

தாளில் கையெழுத்துப் போடமாட்டேன்.

இப்படிக்கு,
கல்


ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

அன்று நான் சிரித்தது எனக்கு ஞாபகமில்லை. நீ சொன்னால் சிரித்திருப்பேன். அதை இத்தனை வருடம் சுமக்கவேண்டுமா?

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அவரைத் தூக்கும்போது நீ முனகுவது போனில் கேட்கிறது. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நீயும் விழுந்துவிட்டால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது? நான் வரலாம் என்றால், இங்கே விடுப்புக் கேட்டாலே இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

சண்டைக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அவருக்கு அவ்வளவு வாக்கியங்கள் மிஞ்சியிருக்கின்றனவே, உன்னைக் கூப்பிட அந்தக் கல் வாக்கியத்தைச் சொல்கிறாரா?

உன் அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணா,

உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நீங்கள் கேட்கும்வரை அதை நான் கவனிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

போன வாரம் காலையில் அப்பா 'பறவை' சொன்னார். தம்ளரைக் கொண்டுபோனேன், குடித்தார். திரும்பவும் சொன்னார். கொண்டுபோனேன், குடித்தார். மறுபடியும். "என்னப்பா, வயிறா, தொட்டியா?" என்று கேட்டுக்கொண்டே தம்ளரை வாயருகே வைத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் சாய்த்துவிட்டேன். தண்ணீர் முகவாயில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அந்தப் பெண் சொன்னது நினைவு வந்து, அன்றுதான் அவர் கண் போகிற இடத்தைப் பார்த்தேன். மேஜைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களைக் கூப்பிட்டேன். அங்கே உங்களுக்கு வேலை நேரம். நீங்கள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்து உங்கள் குரல் வந்தது. இப்போது பேச முடியவில்லை, செய்தி இருந்தால் சொல்லுங்கள் என்று நீங்கள் பதிந்து வைத்திருக்கிறீர்களே, அது. அண்ணா, அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். செயல்படுகிற பக்கம் முழுக்க மலர்ந்து, செயல்படாத பக்கத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பறவை வாக்கியத்தை அவர் போனில் சொன்னார், முதல் வரிசைப் பையனைக் கூப்பிடுகிற குரலில். தண்ணீர் கேட்கிற குரல் அதுவல்ல. தண்ணீர் கேட்கிற குரல் என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை போலிருக்கிறது. அவர் இத்தனை மாதமாகக் கூப்பிட்டது உங்களை. நான் தம்ளரோடு போய் நின்றிருக்கிறேன். அவரும், பாவம், ஒவ்வொரு தடவையும் குடித்திருக்கிறார்.

அன்றிலிருந்து உங்கள் போனில் நிறையத் தவறிய அழைப்புகள் இருக்கும். பதறவேண்டாம். நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்று தெரிந்த நேரத்தில்தான் அடிக்கிறேன். அந்தப் பதிவு அவருக்குப் போதும். நீங்கள் நிஜமாக எடுத்தால் இரண்டு நிமிஷத்தில் அவசரப்படுகிறீர்கள்; பதிவு அவசரப்படுவதில்லை.

இப்போது 'முடிவு' வாக்கியத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிறு கால்தான் இழுத்தது என்று எழுதினேன். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்ததை என் கையால் தொட்டேன், அது உண்மை. ஆனால் அவர் கால் எப்போது தொட்டாலும் அப்படித்தான் இருக்கிறது. நான் அமுக்கியதால் அடங்கினாரா, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அடங்கினாரா என்று இனி என்னால் சத்தியம் செய்ய முடியாது. தண்ணீரில் தோற்றவன் காலில் மட்டும் எப்படி ஜெயிப்பேன்?

நேரடியாகவே கேட்டுவிடலாம் என்று நேற்று மாலை கட்டிலில் உட்கார்ந்தேன். "அப்பா, அந்த இல்லத்துக்குப் போறீங்களா?" போர்வை நுனியை இழுத்துக்கொண்டார். "இங்கயே இருக்கீங்களா?" பிறகு எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்: "நான் யாருப்பா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். உதடு குவிந்தது. கல் வரப்போகிறது என்று நினைத்தேன். அது வசவாக வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். வந்தது தையல்.

எழுந்து ஓடினேன், பழக்கம். பெட்பேனை எடுத்துக்கொண்டு வந்து போர்வையை விலக்கினால் விரிப்பு காய்ந்திருந்தது. அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் பெட்பேனும் கையுமாக நிற்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதி வாயால். என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல கை அது, வலித்தது. பிறகு அப்படியே தூங்கிப்போனார். விரல்களை நான் பிரிக்கவில்லை.

அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. காலாகாலத்தில் வந்து நின்றவன் நீ என்று சொன்னார் என எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. இப்படி ஆசைப்பட்டுத்தான் நீங்களும் அன்று அண்ணியிடம் கூவினீர்கள் என்று இப்போது புரிகிறது. அந்தப் பெண்ணைக் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

என் முதுகைப் பற்றி நீங்கள் எழுதியது சரிதான். இந்த வாரம் அவரைத் தூக்கும்போது இரண்டு பேரும் கட்டிலில் சரிந்துவிட்டோம். கொஞ்ச நேரம் எழுந்திருக்க முயலாமல் அவர் பக்கத்திலேயே கிடந்து கூரையைப் பார்த்தேன். ஒழுகிய இடத்தில் பாசி பச்சையாகப் பூத்திருக்கிறது. எனக்கும் ஒட்டிவிட்டது, அண்ணா.

சம்மதத் தாளை இதனுடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டால், அவர் போக விரும்புகிறார் என்று எனக்குத் தெரியும் என்றாகும். கிழித்துப் போட்டால், விரும்பவில்லை என்று தெரியும் என்றாகும். எனக்கு இரண்டும் தெரியாது. பேனாவை எடுத்துத் தாள்மேல் வைத்தேன். பிறகு மூடியைப் போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தின் அடியிலும் என்ன போடுவது என்று தெரியவில்லை. தம்பி என்று போடலாம். அது நீங்கள் கூப்பிடுவது. கல் என்று போன தடவை கோபத்தில் போட்டேன்; அப்படி என்னைக் கூப்பிட்டவர் இப்போது கூப்பிடுவதில்லை. சம்மதத் தாளிலும் கையெழுத்துப் போடும் இடம் காலி, இதிலும் காலி. அப்பா சொல்வதற்கெல்லாம் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பொருள் வைத்துக்கொண்டோம். இதற்கும் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண் விழிக்குமுன் தெருமுனைத் தபால்பெட்டி வரை போய்வரவேண்டும். பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.