கடித்துப் பார்த்த கிழங்கு

அண்ணா,

இன்று காலை அடுப்பங்கரையிலிருந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கு வேகும் வாசம் வந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஆசையாகக் கேட்டாள் என்று அவள் அம்மா ஒரு குண்டான் நிறைய வேகவைத்திருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, மிச்சம் கிடந்த பச்சைத் துண்டை எடுத்துக் கடித்தேன். ஒரே கசப்பு; கசக்கும் கிழங்கு விஷமாயிற்றே. குண்டானை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கவிழ்த்தேன்.

"ஏனுங்கப்பா, நான் வாய்விட்டுக் கேட்டதே அது ஒண்ணுதானுங்களே!" என்று மகள் கண் கலங்கினாள். நீங்கள் இருந்திருந்தால், "சந்தேகப் பேய் புடிச்சவன்டா நீ" என்று திட்டியிருப்பீர்கள்.

அந்தப் பேய் பிடித்ததே உங்களால்தான். ஓமலூர்ப் பக்கமிருந்து டெம்போ நிறையப் புதுரகக் குச்சியைக் கொண்டுவந்து இறக்கினீர்களே, அன்றைக்கு. நட்டால் ரெட்டிப்பாய் விளையும் என்று ஊருக்கே விற்றீர்கள். விளைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் சொன்னபோது, பெற்ற பிள்ளை பாஸான மாதிரி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நான் மட்டும் கேட்டேன்: "இத நாம திங்கலாமுங்களாண்ணா?"

"ஆலைக்கு ஆகுதில்ல, அப்பறம் உனக்கென்னடா?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. நம் மண்ணில் விளைந்ததை நம் வாய் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்றே தோன்றியது. அதற்காக நான் நடாமலும் இல்லை. ஓட்டு வீடு மெத்தை வீடானதும், மகள் காலேஜ் போனதும் அந்தக் கிழங்கில்தான். ஆனாலும் வாய்க்கால் ஓரம் ஒரு வரிசை மட்டும் பழைய இனிப்புக் கிழங்கை விட்டுவைத்தேன். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிக் கேலி செய்தீர்கள். மழை பிடித்துக்கொண்டால் மட்டும் பின்வாசல் வழியாக வந்து, "அந்தப் பழசு வேகுதாடா?" என்பீர்கள். நீங்கள் விற்றதை நீங்களே தின்று நான் பார்த்ததில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மாவுப்பூச்சி வந்தது. ஊரெல்லாம் ஒரே ரகம். ஒரு காட்டையும் விடவில்லை. என் வரிசையும் அதோடு போயிற்று. வேறு குச்சி வாங்கி நட்டேன். விற்றவன் சத்தியம் செய்யாத குறைதான்: "பழசேதானுங்க, நம்பி நடுங்க." எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. அந்த வரிசையில் பிடுங்கியதைத்தான் இன்று கவிழ்த்தேன்.

வெறுங்குண்டானோடு நான் நிற்பதைப் பார்த்து உங்கள் மகன் வேலியோரம் வந்தான். விஷயத்தைச் சொன்னதும் தயங்கினான்.

"கெணத்தோரம் அப்பா ரெண்டு செடி தனியா வெச்சிருந்தாருங்க சித்தப்பா. பழைய ரகமுங்க. பூச்சிக்கும் தப்பிச்சுக் கெடக்குது. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாரு."

"ஏஞ்சாமி?"

"நீங்க சிரிப்பீங்கன்னுதானுங்க."

சிரிப்பு எங்கே வந்தது அண்ணா, அழுகைதான் வந்தது. இத்தனை வருஷம் கேலி செய்துவிட்டு, என்னைவிடப் பெரிய சந்தேகக்காரராக இருந்திருக்கிறீர்கள்.

ஒரு செடியைப் பிடுங்கினோம். குச்சியை வெட்டி என் வாய்க்கால் ஓரம் நட்டாயிற்று. கிழங்கைக் கழுவி எடுத்துவந்தபோது மகள் தட்டோடு காத்திருந்தாள். நீங்கள் உங்கள் கையால் நட்டதுதான். இருந்தாலும் ஒரு துண்டை நான் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேகவைக்கக் கொடுத்தேன்.

இனித்தது, அண்ணா.