முகவரி தெரியாது என்று எழுதிக் கொடுத்தோம்

என் மூத்தவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுத் தூங்கி வேலைக்கும் பள்ளிக்கும் போய் வந்துகொண்டிருக்கிறோம், அதை நலம் என்று சொல்லலாம் என்றால் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். என் எழுத்து கோழி கிளறினது போல் இருக்கும், இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட உனக்குப் புரியாமல் போகக் கூடாது, அதனால்தான் அவளை உட்கார வைத்திருக்கிறேன். அவசரப்படாமல் கடைசி வரை படி.

பட்டாளத்தை விட்டு வந்தவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுகிறார்கள். நம் தெருவில் மட்டும் நாலு பேர் போய்விட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் துப்பாக்கியைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது, அவரையும் விடவில்லை. சின்னவளின் கணக்கு வாத்தியார் புறப்படுகிற அன்று பழைய சீருடையிலேயே வகுப்புக்கு வந்தாராம். வயிற்றுக்கு மேல் இரண்டு பொத்தான் பூட்டவில்லை. எதிரி என்னைச் சுடவே வேண்டாம், இது தெறிச்சாலே ஊர் ரெண்டுபடும் என்றாராம். பிள்ளைகள் சிரித்தார்களாம். அப்புறம் திரும்பி நின்று, ஒன்றும் எழுதாத கரும்பலகையை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாராம். போன வாரம் அவர் வீட்டு வாசலில் ராணுவ வண்டி நின்றது. அவர் மனைவி கையில் மடித்த சட்டையும் கைக்கடிகாரமும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். பட்டாளத்தில் இருந்ததற்கான உன் பணிச் சான்றிதழ் வந்தால்தான் அங்கே வெளிநாட்டில் பஸ் ஓட்டுகிற வேலை நிரந்தரம் ஆகும் என்று எட்டு மாதமாக நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய், நானும் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு நாளைக்கு முன்னால் பட்டாள முத்திரை வைத்த கனமான உறையோடு அவர் வந்தார். ஆள் இந்த வீட்டில் இருந்தால்தான் குடுப்பேன், இல்லேன்னா திருப்பி அனுப்பணும் என்றார். கைக்கு வந்தது திரும்பிப் போனால் இன்னும் எட்டு மாதம் ஆகுமே என்று, இருக்கா, குளிக்கிறா என்று சொல்லிவிட்டேன். இங்கேதான் வசிக்கிறாள் என்ற கட்டத்தில் டிக் போட்டு, உறவு என்ற இடத்தில் அம்மா என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தபால்காரருக்கு டீ வேறு போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் சின்னவள் பிரித்துப் படித்தாள். சான்றிதழ் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநராக முப்பது நாளைக்குள் நீ ஆஜராக வேண்டும், வராவிட்டால் பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவள் என்று வழக்கு. வீட்டில் யார் கையெழுத்துப் போட்டாலும் உனக்கே கொடுத்ததாகத்தான் கணக்காம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் வாயால் உன்னைக் கெடுத்தேன்.

உன் அப்பா லிப்ட் பழுது பார்க்கப் போகிற இடத்தில் ஒரு திருகாணி மிஞ்சினால்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன். கூப்பிட்டா போகத்தான் வேணும், எல்லா வீட்டுப் பிள்ளையும்தானே போகுது என்றார். கணக்கு வாத்தியார் மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன் என்றும் கேட்டார். ஆனால் பட்டாளத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டி நான்கு வருடம் முடிந்து நீ வந்தபோது, கை கழுவப் போனால் தொட்டி காலியாகிற வரை கழுவிக்கொண்டே இருந்தாயே, அதை அவர் பார்க்கவில்லை, வேலைக்குப் போய்விடுவார். நான் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவரே லீவு போட்டு என்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்து, மெதுவாகத்தான் சொன்னாள். அக்கா, பொண்ணு வீட்டோட தொடர்பு அறுத்துக்கிட்டா, எங்க இருக்கான்னு தெரியாது, சான்றிதழ்னு நினைச்சு ஆசையில பொய் சொல்லி வாங்கிட்டேன்னு பெத்தவங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க, ஆள் இல்லைன்னு உத்தரவைத் திருப்பி அனுப்பிடலாம், ஆனா அப்புறம் ஒரு போன் வந்தாலும் ஒரு கடுதாசி வந்தாலும் நீங்களும் உள்ள போவீங்க, அவளும் மாட்டிக்குவா, பார்த்துக்குங்க என்றாள். நான் சரி என்றேன். உன் அப்பா அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். எங்களுக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்றவர் பெரியவரே சீக்கிரம் என்றதும் கையெழுத்துப் போட்டார். வீட்டுப் படியேறும்போது, கெட்டிக்காரி, பிழைச்சுக்குவா என்றார்.

அதனால் இதுதான் நான் உனக்கு அனுப்புகிற கடைசிக் கடிதம். சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற நெட்டச்சி தன் தங்கையைப் பார்க்க அங்கே வருகிறாள், துணிக்கு நடுவில் வைத்து அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் வருவதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நீ பதில் எழுதாதே. போன் செய்யாதே, யாரிடமும் சொல்லியும் அனுப்பாதே. சான்றிதழை மறந்துவிடு. அது இல்லாமல் பஸ் வேலை போய்விட்டால் வேறு வேலை தேடிக்கொள், நீ எந்த வேலைக்கும் கூச்சப்பட்டவள் இல்லை. ஜலதோஷம் பிடித்தால் உடனே மருந்து எடு, உனக்கு நெஞ்சில் இறங்கிவிடும். துணை என்று ஒருவன் வந்தால் அவன் கோபத்தில் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்துவிட்டு முடிவு செய், எங்களைக் கேட்க முடியவில்லையே என்று தள்ளிப் போடாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நூறு வயது நன்றாக இருப்பாய், உன் அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. எங்கள் இரண்டு பேரில் யாருக்காவது என்னவாவது ஆகிவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் நீ புறப்பட்டு வரக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். இந்த வரியை எழுத மாட்டேன் என்று சின்னவள் பேனாவை வைத்துவிட்டாள். எழுதுடி, அக்கா உயிரோட இருக்கணுமா வேண்டாமா என்று கேட்டு எழுத வைத்தேன். எனக்கு எல்லாம் செய்ய இவள் இருக்கிறாள். நீ வராதே.

உன் அம்மா