முப்பத்தோராம் படி

அனுப்புநர்
மினாகவா தொமொயெ (வயது 61),
மினாகவா சலவையகம்,
மேல்தெரு 3-14, தொகிஹாமா.

பெறுநர்
மாண்புமிகு மேயர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், தொகிஹாமா.

பொருள்: படகுத்துறைக் கற்படிகளில் கைப்பிடிக் கம்பி பொருத்தவும், ஹைக்கூ விழாக் குழுவினர் என் புகார்களுக்குப் பரிசளிப்பதை நிறுத்தவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய புகார்கள் மூன்று (முறையே இரண்டாம் பரிசு, முதல் பரிசு, நடுவர் சிறப்புப் பரிசு).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சலவைக்கடை நடத்தி வருகிறேன். துணியில் குத்தி அனுப்பும் சீட்டு இரண்டு விரல் அகலந்தான் இருக்கும். "காலரில் கறை. மூன்று முறை துவைத்தேன். போகவில்லை" என்பதற்கு மேல் அதில் இடம் கிடையாது. எதையும் மூன்று வரியில் எழுதும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது. வேறு எந்த உள்நோக்கமும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. மேல்தெருவிலிருந்து படகுத்துறைக்கு இறங்கும் கற்படிகள் ஐம்பத்திரண்டு. சென்ற ஆண்டு செப்டம்பர் புயலில், மேலிருந்து எண்ணினால் முப்பத்தோராம் படியிலிருந்து கடைசிப் படிவரை கைப்பிடிக் கம்பி பெயர்ந்து கடலோடு போயிற்று. என் கணவர் ஷூஹேய்க்கு இவ்வாண்டு பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. வலது கால் இன்னும் இழுக்கிறது. செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் அவர் இந்தப் படிகளில் இறங்கி, படகேறி, அக்கரை மருத்துவமனையில் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். எங்களுக்கு வேறு வழி இல்லை.

3. படிகளின் அடியில் ஒரு வெள்ளை மரப்பெட்டி உள்ளது. "மனதில் பட்டதை எழுதி இதில் இடுங்கள்" என்று அதன்மேல் எழுதியிருக்கும். அது நகராட்சியின் புகார்ப்பெட்டி என்று நான் நம்பினேன். ஆகவே மே மாதம் என் பெயரும் தொலைபேசி எண்ணும் குறித்து, சலவைச் சீட்டிலேயே பின்வருமாறு எழுதிப் போட்டேன்:

முப்பத்தோராம் படி.
அதற்குக் கீழே
பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

4. பத்தே நாளில் அழைப்பு வந்தது. நகராட்சி இத்தனை விரைவா என்று மகிழ்ந்து, நல்ல உடை உடுத்தி, கணவரையும் அழைத்துக்கொண்டு பொதுமண்டபத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் ஹைக்கூ விழாக் குழுவினர். அந்த வெள்ளைப் பெட்டியும் அவர்களுடையதாம். குழுத் தலைவர் திரு. இவாசே ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியர். ஊரே அவரை "சார்" என்றுதான் அழைக்கும். அவர் என்னிடம், "எந்தப் பேருல எழுதுறீங்க?" என்று கேட்டார். கடையின் பெயரைக் கேட்கிறார் என்றெண்ணி "சலவையகம்" என்றேன். அன்றிலிருந்து என் புனைபெயர் அதுவாயிற்று. சான்றிதழில் அவ்வாறே உள்ளது.

5. இது புகார் என்று அன்றே சொன்னேன். நடுவர் திருமதி. தோகாவா என் கையைப் பற்றிக்கொண்டு, "எல்லாக் கவிதையும் புகார்தானேம்மா!" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததால் மேற்கொண்டு நான் வாதாடவில்லை. கைதட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

6. ஜூன் மாதம் சற்றுக் கோபமாகவே எழுதினேன்:

போன மாதமே சொன்னேன்.
அதே படி.
அவருக்கு அதே கால்.

இதற்கு முதல் பரிசு. "அதே" என்ற சொல்லில் காலம் உறைந்து நிற்பதாக மாத இதழில் அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். காலம் உறையவில்லை ஐயா, வேலைதான் நடக்கவில்லை. ஜூலையில், இனிமேல் எழுதுவதில்லை என்ற முடிவோடு, "படி பற்றி எழுதுகிறேன். படிக்கிறார்கள். படி அப்படியே" என்று எழுதிப் போட்டேன். சிலேடைக்காக நடுவர் சிறப்புப் பரிசு வந்தது. சிலேடை என்னவென்று என் கணவர்தான் விளக்கினார். "உன் கவிதை வளர வளர என் காலுக்குத்தான் ஆபத்து, தொமொயெ" என்று சிரித்தார்.

7. ஆகஸ்டில், முதல் புகாரின் மூன்று வரிகளைப் பொறித்து இடுப்புயரக் கருங்கல் ஒன்றை முப்பத்தோராம் படியின் ஓரத்தில் நட்டார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அந்தப் படியில் நின்று, பக்கத்தில் ஒன்றும் இல்லாததைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

8. செப்டம்பரில் நேராகச் சாலைப் பிரிவுக்கே சென்றேன். அங்கே திரு. செகினோ கூறியதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "கம்பி வந்து குடோன்ல கெடக்குதும்மா. ஆள் அனுப்பத்தான் இருந்தோம். விழாக் குழுதான் இப்ப வேணாம்னு லெட்டர் குடுத்திருக்கு. கல்லுல 'ஒன்றுமில்லை'ன்னு இருக்கு, நாங்க போயி கம்பி வச்சா கவிதை பொய்யாயிடுமாம். நீங்க எழுதினதுதானே அது? எங்களையே கேக்குறீங்களே!" நான் வீடு திரும்பினேன்.

9. இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இந்த மனு எழுதுவது எளிதாக இருந்திருக்கும். செவ்வாயும் வெள்ளியும் என் கணவரின் கையைப் பிடித்து அந்த இருபத்தொரு படியும் இறக்கிவிடுபவர் இவாசே சார்தான். மழை நாளில் குடை பிடிப்பவர் தோகாவா அம்மையார். கம்பி இல்லாத இடத்தில் தாமே கம்பியாக நின்றுகொண்டு, கம்பி வேண்டாம் என்று கடிதம் கொடுத்தவரும் அதே இவாசே சார்தான். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

10. அக்டோபர் 11 ஒரு சனிக்கிழமை. யாரும் உடன் இல்லாதபோது, படகில் வரும் மருந்துப் பொட்டலத்தை வாங்க என் கணவர் தனியே இறங்கினார். முப்பத்தோராம் படியில் கால் மடிந்தது. கைக்கு அகப்பட்டது அந்தக் கருங்கல் ஒன்றுதான். அதை அணைத்துக்கொண்டு விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. கல் இல்லாவிட்டால் இருபத்தொரு படியும் உருண்டு துறையின் சிமெண்டுத் தரையில் போய் மோதியிருப்பார். பேரிக்காய் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த இவாசே சார், "பாத்தீங்களா, கவிதை மனுஷனைத் தாங்கும்னு நான் சும்மாவா சொன்னேன்?" என்றார். "கவிதை இல்லீங்க சார், கல்லு" என்றார் என் கணவர். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்புறம் கடைக்கு வந்து ஷட்டரை இறக்கிவிட்டு வெகுநேரம் அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

11. நவம்பர் 3 அன்று விழா. முப்பத்தோராம் படியில் நின்று நான் புதிய கவிதை ஒன்று வாசிக்க வேண்டுமாம். "முடிஞ்சா வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, கட்டோட ஒரு நிமிஷம் நின்னாப் போதும்" என்று தோகாவா அம்மையார் அன்போடு கேட்டுக்கொண்டார். மறுத்து ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தபின் இரண்டாம் வரி சரியில்லை என்று தோன்றி ஒரு சொல்லை அடித்து மாற்றியிருந்ததைக் கவனித்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் எழுதுவது புகாரா கவிதையா என்று எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டதால்தான், இம்முறை இவ்வளவு நீளமாக எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

12. தாங்களே மேற்படி விழாவின் கௌரவத் தலைவர் என்பதை அறிவேன். இந்த மனுவைத் தாங்கள் அலுவலகத்தில் வைத்து மேயராகப் படிக்குமாறும், அசைகளை எண்ணாதிருக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

13. கிடங்கில் கிடக்கும் கம்பியை விழாவுக்கு முன்பாகவே பொருத்த உத்தரவிட வேண்டும். கல்லில் உள்ளது பொய்யாகிவிடும் என்றால் ஆகட்டும். எழுதியவள் நான், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அதற்கும் வழியில்லை எனில், இப்போதுள்ளதைப் போலவே இடுப்புயரக் கருங்கல்லை, கீழே மீதமுள்ள இருபத்தொரு படிகளின் ஓரத்திலும் படிக்கு ஒன்றாக நட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் பொறிக்க வேண்டிய வரிகளை, கல்லுக்கு மூன்றாக, நானே எழுதித் தந்துவிடுகிறேன்.

நாள்: அக்டோபர் 24
இடம்: தொகிஹாமா

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
மினாகவா தொமொயெ
(கடை ரசீது முத்திரையே இட்டுள்ளேன். என்னிடம் வேறு முத்திரை இல்லை.)

இணைப்பு: சான்றிதழ்கள் மூன்று, மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்று.