மதகின் கைப்பிடி

மார்ச் 4

நாற்றுப்பைகளில் சேறு நிரப்பிக்கொண்டிருந்தேன். அதிகாரி வந்தார். இந்த அலையாத்திச் சதுப்பு முழுக்க அவர் பொறுப்பு. ஆனால் ஷூ அழுக்காகும் என்று கரையை விட்டு இறங்கியதே இல்லை. நான் அவருக்கு வைத்த பெயர் வெள்ளை ஷூ.

“சனிக்கிழமை விழா. சிறப்பு விருந்தினர் கண்டல் நடுறார். சேறு காயணும். தண்ணி வத்துனதும் மதகை இறக்கிடும்மா.”

“கடல் தண்ணி வந்து போனாத்தான் சார் உள்ள இருக்கிற கன்னெல்லாம் பொழைக்கும்.”

“நாலு நாள்ல செத்துடுமா? நீ என்ன அதுகளப் பெத்தவளா?”

இறக்கினேன். உள்ளே நிற்பவை இரண்டு வருடமாக நான் வளர்த்த கண்டல் கன்றுகள். இப்போதுதான் இடுப்பளவு.

மார்ச் 8

விருந்தினருக்கு வேறெங்கோ விழாவாம். தேதி தள்ளிப்போயிற்று. மதகு மூடியே இருக்கட்டுமாம்.

மார்ச் 13

சேறு வெடித்துவிட்டது. வெடிப்பெல்லாம் உப்பு பூத்திருக்கிறது. குழிகளில் சிக்கிய மீன்கள் வயிறு ஊதிக் கிடக்கின்றன. கன்றுகளின் இலைகள் மஞ்சள். என் உடுப்பை எத்தனை முறை துவைத்தாலும் நாற்றம் போகவில்லை.

“சேத்துக்கெல்லாம் நீ ஏன்டி அழற? சொன்னதச் செஞ்சுட்டு வாய மூடிட்டு வா. இந்த வீட்டுல சம்பளம் வாங்குறது நீ ஒருத்திதான்” என்றாள் அம்மா.

வாயை மூடலாம். மூக்கை?

மார்ச் 15

விழா. செத்த மீனை வாரி எறிந்துவிட்டு அந்தச் சேற்றின் மேல் சிவப்புக் கம்பளம்!

கண்டல் முளை பச்சைப் பென்சில் மாதிரி இருக்கும். கூர்முனை சேற்றுக்குள் போக வேண்டும். விருந்தினர் கூர்முனை வானத்தைப் பார்க்க நட்டார். கைதட்டல். பின்னால் வந்த கூட்டமும் அவரைப் பார்த்து அப்படியே.

“சார், தலைகீழா நடுறாங்க.”

“ஸ்ஸ்! போட்டோவுல தல எது கால் எதுன்னு எவனுக்குத் தெரியும்?”

முடிந்ததும் மதகைத் திறக்கப் போனேன்.

“தொடாத. அடுத்த வாரம் டிவிக்காரங்க வர்றாங்க.”

இன்னும் ஒரு வாரமா? அவ்வளவும் கருகிப்போகுமே — இவனுக்கெல்லாம் கண்ணு எதுக்கு? ஷூ பாக்கவா?

மார்ச் 16

திறந்துவிட்டேன்.

காலையில் கடல் ஏறும் நேரம் பார்த்து, கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். தண்ணீர் கறுப்பு நுரையோடு உள்ளே பாய்ந்தது. சுருட்டாமல் விட்ட கம்பளம் மிதந்து போனது. கைப்பிடியைக் கழற்றி, சாக்கில் சுற்றி, வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். இனி எதை வைத்து இறக்குவார்கள்?

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்ச் 17

வேலை போயிற்று.

ஏப்ரல் 9

கரை வழியாகப் போனேன். தலைகீழாக நட்டவை அழுகிக் கொழகொழத்துக் கிடக்கின்றன. என் கன்றுகளில் முக்கால்வாசி துளிர்விட்டிருக்கின்றன. அவற்றின் முன்னால் புதுப் பலகை: நட்டவர் என்று விருந்தினரின் பெயர். காறித் துப்பினேன்.

வீடு திரும்பினால் வாசலில் அலுவலக ஜீப். ஓட்டுநர் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“மதகுக் கைப்பிடிய உங்க பொண்ணுதான் எடுத்துச்சாம். புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கோம், எப்ப வருமோ தெரியல.”

“மெதுவா வரட்டும். அவ வேலையப் பறிச்சது நீங்க. இங்க என்னப்பா இருக்கு? வேணும்னா உள்ள வந்து பாரு.”

அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பின்கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது கைப்பிடி. அதன் மேல் அம்மாவின் ஈரப் புடவை காய்ந்துகொண்டிருந்தது.