இருபத்தேழாம் எண் மின்கம்பம் பற்றி ஒரு திருத்தம்

ஸ்பூன் ஏரி முகாம், மினசோட்டா
ஜூன் 24, செவ்வாய்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நம் டிரெய்லர் வீட்டின் இடது பின்மூலை மட்டும் சுகமில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாள். வெலிங்டன் குளிரில் நீயும் பேத்தி டில்லியும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்பது நாளைக்கு முன்பு போனில் நீ கேட்டதை நான் மறக்கவில்லை. “அப்பா, சுத்தி வளைக்காம சொல்லுங்க, டில்லிய உங்க வண்டில நம்பி ஏத்தலாமா, வேண்டாமா” என்றாய். நான் “இரும்மா, அம்மா பேசணுமாம்” என்று போனைக் கைமாற்றினேன். அம்மா அப்போது ஏரியில் நீந்திக்கொண்டிருந்தாள், நான் கூப்பிட்ட கூப்பாட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக் கரையேறி ஈரக் கையோடு வந்து வாங்கினாள். முப்பத்தெட்டு வருஷம் மாவட்டப் பத்திரிகையில் ஊராரைக் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான், வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் ‘பதிலளிக்க மறுத்துவிட்டார்’ என்று முதல் பத்தியிலேயே எழுதியிருப்பேன். இந்த மாதம் முடிவதற்குள் நீ அவள் டிக்கெட்டை உறுதி செய்ய வேண்டும், அவள் தனியாக வரப்போகும் முதல் பயணம், டிரெய்லர் படம் வரைந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றாய். தபாலில் போட்டால் பிந்திவிடும், அதனால் அம்மா இதைப் படமெடுத்து அனுப்புவாள். பதில் உள்ளே இருக்கிறது, ஆனால் அதை நடந்த வரிசையில்தான் சொல்லுவேன், எனக்கு வேறு விதம் தெரியாது.

நாங்கள் இங்கே வந்ததே டில்லிக்கு இடம் ஒத்துவருமா என்று முன்கூட்டிப் பார்க்கத்தான். வியாழக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, பிற்பகல் மூன்றே காலுக்கு வந்து சேர்ந்தோம். நாற்பத்து நான்கு வண்டி நிறுத்தும் இடங்கள், எல்லாவற்றுக்கும் பைன் மர நிழல், குளியலறையில் வெந்நீர் தடையில்லாமல் வருகிறது, துவைக்கும் இயந்திரம் இரண்டு, அதில் ஒன்று ஓடவில்லை. குழந்தைகள் நீந்தும் பகுதி என் இடுப்பளவு ஆழம், கயிறு கட்டியிருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்தது இருபத்தேழாம் எண். ஒரு வண்டி பின்னால் வருகிறது என்றால் முகாமில் இருப்பவர்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும், நானே அப்படிப் பல சாயங்காலங்களைப் போக்கியவன். அன்று ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கையில் சோளப்பொரிகூட இருந்தது. அம்மா வழக்கம்போல் வாக்கி டாக்கியோடு பின்னால் நின்றாள். டிரெய்லரை இழுக்கும் பிக்கப்பை நான் ரிவர்ஸ் எடுத்தேன். “நிறுத்துங்க” என்றாள். இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், தாராளமாக இடமிருந்தது. “வெர்லின், நிறுத்துங்க” என்றாள். இவள் எப்போதும் ஆறடியை ஆறங்குலம் என்பாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மூன்றாவது தடவை அவள் சொல்வதற்குள் சத்தம் வந்துவிட்டது. வண்டிகளுக்குக் கரண்ட் தரும் மின்கம்பம் பதினைந்து பாகை சாய்ந்து நின்றது, இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு மூன்று இடங்களிலும் கரண்ட் போயிற்று. பக்கத்து இடத்து ஹார்லன், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நாற்காலியை விட்டு எழாமலே “ஒண்ணும் மோசமில்ல சார், அது பாட்டுக்கு அங்கயேதான் நின்னுச்சு” என்றார். ஆறுதல் சொன்னாரா குத்திக் காட்டினாரா என்று எனக்கு அன்று விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. முகாமை நடத்தும் லவோன் அம்மையார் மின் பணியாளரைக் கூட்டிவந்து தற்காலிகமாக இணைப்புக் கொடுத்தார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, எலுமிச்சைப் பானம் கொடுத்தார்.

அடுத்த இரண்டு நாளும் டில்லிக்காகச் சுற்றுவட்டாரத்தைப் பார்த்தோம். மினி கோல்ஃப் பதினெட்டுக் குழி, ஏழாவது குழியில் காற்றாலை, அம்மாவைவிடப் பத்தொன்பது முறை அதிகம் அடித்துத் தோற்றேன். புதன்கிழமைகளில் ஆமைப் பந்தயம் உண்டாம், குழந்தைகள் வாளியிலிருந்து தங்களுக்குப் பிடித்த ஆமையை எடுத்து விடலாம். ஊர் நடுவே இருபத்திரண்டு அடியில் ஃபைபர் மீன் ஒன்று வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, அதன் நாக்கில் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளலாம், நாக்கு வெயிலில் சுடும், துண்டு போட்டு உட்காரச் சொல். மரம் வெட்டிகளின் அருங்காட்சியகத்தில் இரண்டு பேர் பிடித்து அறுக்கும் ரம்பத்தைக் குழந்தைகளே இழுத்துப் பார்க்கலாம். சனிக்கிழமை காலை முகாமிலேயே பான்கேக் விருந்து.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் மதிப்பிட்டு முகாம் பயணிகள் தளத்தில் போட்டேன். அறுபத்து நான்காவது மதிப்புரை அது, இதுவரை ஒருவருக்கும் நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததில்லை. “அந்த அஞ்சாவது நட்சத்திரத்த யாருக்கு எழுதி வச்சிருக்கீங்க, என் கல்லறைக்கா” என்று அம்மா கேட்பது வழக்கம். ஸ்பூன் ஏரிக்கு இரண்டு கொடுத்தேன். கம்பம் முட்டாள்தனமான இடத்தில் நடப்பட்டிருப்பதாக, என்னவோ நாடாளுமன்ற ஊழலைக் கண்டுபிடித்தவன்போல் எழுதினேன். அன்று பிற்பகல்தான் உன் போன் வந்தது.

திங்கட்கிழமை லவோன் அந்த மதிப்புரைக்குக் கீழே பதில் போட்டிருந்தார். ‘வந்ததற்கு நன்றி. யாருக்கும் அடிபடாததில் எங்களுக்கு நிம்மதி. கம்பம் 1989 முதல் அங்கேதான் இருக்கிறது, முதல் முறையாக இடிபட்டிருக்கிறது. இந்தச் சனிக்கிழமையும் பான்கேக் உண்டு, இருவரும் அவசியம் வாருங்கள்.’ அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உடனே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஆதாரம் சேகரிக்கப் போனேன். வண்டி நிற்கும் சரளைத் தளத்தின் விளிம்பிலிருந்து கம்பம் ஐந்தடி இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. இருபத்தாறில் அளந்தேன், இருபத்தெட்டில் அளந்தேன், அங்கேயும் ஐந்தடி இரண்டு. அதுவும் தலை முதல் கால் வரை மஞ்சள் வண்ணம், மேலே ஒளிரும் பட்டை வேறு. நான்கு நாள் அதன் பக்கத்தில் காப்பி குடித்தேன், அது மஞ்சள் என்று அப்போதுதான் பார்க்கிறேன். ஹார்லன் நாற்காலியிலிருந்து “இன்னொரு தடவ அளந்து பாருங்க சார், சில கம்பம் நடக்கும்” என்றார்.

உள்ளே வந்து என் மதிப்புரையை நானே, ஒரு துணையாசிரியன் படிப்பதுபோல், பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தேன். குறை சொன்ன வரிகளுக்கு மட்டும் கோடு போட்டேன். கம்பம், இடது பக்கம். மினி கோல்ஃப் தரை இடது பக்கம் சரிகிறது. அருங்காட்சியகத்தின் இடது சுவரில் விளக்கப் பலகைகளே இல்லை. பான்கேக் மேசையில் பாகு வைக்கவில்லை, அம்மா அதை என் இடது முழங்கைப் பக்கத்திலிருந்து எடுத்துத் தந்ததை எழுதாமல் விட்டிருந்தேன். பிக்கப்பின் இடது கண்ணாடியை வரும் வழியில் மூன்று முறை துடைத்தேன், வலதை ஒரு முறைகூட இல்லை. ஒரு மாவட்டமே இடது பக்கம் கெட்டுக்கிடக்கிறது என்று எழுதிவிட்டு அதில் செய்தி என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் உன் அப்பா. போன கிறிஸ்துமஸில் நம் தபால் பெட்டியை இடித்துவிட்டுப் பனிமேல் பழி போட்டேனே, அது வாசலின் எந்தப் பக்கம் என்று உனக்கே தெரியும். வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். அம்மா எதிரே நின்றாள், மெழுகுத்தாளுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. “எத்தன விரல் தெரியுது” என்று கேட்டாள், இரண்டு என்றேன். அவள் கையையே தூக்கவில்லையாம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஊருக்குள் கண் மருத்துவரிடம் போனோம். இடது கண்ணில் முற்றிய கண்புரை, வலது பரவாயில்லை, பயப்பட ஒன்றுமில்லை. ஆகஸ்ட் ஆறாம் தேதி அறுவை. அதாவது டில்லி வந்து திரும்பிய பிறகு. அது வரை இழுவை வண்டியைத் தொட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். வெளியே வந்து பிக்கப்பின் இடது கதவுக்குப் பழக்கத்தில் நான் நடக்க, அம்மா கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். வழியெல்லாம் நான் உனக்கு எழுத வேண்டிய ‘அனுப்பாதே’ கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். பிக்கப்பை அவள் ஓட்டுவாள், டிரெய்லரை யார் இழுப்பது. டிரெய்லர் வாங்கிய பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதைத் தொட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

சனிக்கிழமை பான்கேக்குக்குப் போனோம், லவோனைப் பார்க்க எனக்கு முகமில்லை, அவர் பாகுக் குடுவையை என் வலது பக்கமாகப் பார்த்து வைத்தார். கம்பத்தைத் தோண்டி நிமிர்த்தப் பணியாளர் வந்திருக்கிறார், முப்பத்தொன்றாம் எண்ணுக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நான் ஹார்லனை உதவிக்குக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டாள். நாற்காலிகள் வந்தன. நான் எண்ணினேன், பதினாறு. நான் வாக்கி டாக்கியோடு பின்னால் போய் நின்று “மெதுவா, இடது, இன்னும் இடது” என்றெல்லாம் கத்தினேன், பிறகுதான் அவள் வாக்கி டாக்கியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பதைப் பார்த்தேன். ஒரு கை ஸ்டியரிங்கின் அடியில், ஒரே வளைவு, ஒரே போக்கு, சரளையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் அளந்தேன், இரு பக்கமும் வித்தியாசம் மூன்று அங்குலம். பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம், நாற்காலியை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஹார்லன் மட்டும் எழுந்து வந்து, “ஏம்மா, இத்தன நாளா உங்கள எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு இவரு” என்றார். அம்மா இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே, “பத்து வயசுலேருந்து எங்கப்பா பண்ணைல வைக்கோல் வண்டிய ரிவர்ஸ்ல கொட்டகைக்குள்ள விட்டவ நான். அதுல முன்சக்கரம் ரெண்டும் தனியாத் திரும்பும், இதெல்லாம் அதுகிட்ட குழந்த” என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கல. அப்புறம், ஓட்டுறது உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு” என்றாள். நாற்பத்து நாலு வருஷம் கூட இருந்த சாட்சியை ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருக்கிறேன்.

அதனால் பிரிட்டா, நீ கேட்டதற்கு நேரான பதில். என் வண்டியில் டில்லியை ஏற்ற வேண்டாம். அம்மா வண்டியில் ஏற்று. டிக்கெட்டை உறுதி செய். என் மதிப்புரையையும் எடுத்துவிட்டு இதைப் போட்டேன், நீ சரிபார்த்துக்கொள்ள அப்படியே தருகிறேன். ‘திருத்தம். ஜூன் 15 மதிப்புரையில் இருபத்தேழாம் எண் மின்கம்பம் தவறான இடத்தில் இருப்பதாகக் கூறப்பட்டது. கம்பம் சரியான இடத்தில் இருந்தது, மதிப்புரையாளர்தான் தவறான இடத்தில் இருந்தார். மினி கோல்ஃப் தரை மட்டமானது. பாகு இருந்தது. நான்கரை நட்சத்திரம்.’ அந்த அரையை நான் பிடித்துக்கொண்டது ஓடாத துவைக்கும் இயந்திரத்துக்காக. லவோன் கீழே ஒரு சிரிப்புப் படம் போட்டிருக்கிறார், இயந்திரத்துக்கும் ஆள் வரச் சொல்லிவிட்டாராம்.

டில்லிக்கு நீச்சல் உடை, முழுக்கைச் சட்டை இரண்டு, கொசு இங்கே ஆள் பார்த்துக் கடிக்காது, எல்லாரையும் கடிக்கும். ஜன்னலோரம் அவளுக்கு, ஆமை தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுக்கு. நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே, கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை உன் அப்பா நான் பதினாறு நாற்காலிக்கு முன்னால் நிரூபித்திருக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் பல்லாண்டு நன்றாக இருக்க எங்கள் ஆசி. இன்னொன்று, விமான நிலையத்தில் நான் பிக்கப்பின் வலது பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குழந்தை பயந்துவிடப் போகிறாள். உங்கள் ஊரில் ஓட்டுபவர் உட்காருவது அங்கேதான், இங்கே அது வேடிக்கை பார்ப்பவர் இடம் என்று மறக்காமல் சொல்லி அனுப்பு.

வலது பக்க இருக்கையிலிருந்து,
உன் அன்பு அப்பா
வெர்லின்